நீலமா, மஞ்சளா: பேரணாம்பட்டுக் கூடத்துச் சுவர் பற்றிய ஓர் ஆய்வு

சுவருக்கு எந்த நிறம் என்ற விவாதம் பெரும்பாலும் பெயின்டர் ஏணியோடு வாசலில் வந்து நின்றபிறகுதான் தொடங்குகிறது. ஆகவே அதில் நிதானம் இருப்பதில்லை. அக்குறையைத் தீர்க்க வந்த இவ்வாய்வுக்குத் தோல் பதனிடும் ஊரான பேரணாம்பட்டே தக்க களம். இங்கே நீலமும் மஞ்சளும் ஷேட் கார்டுக்கு முன்பே தோலில் ஏறியவை.

மஞ்சள் மூத்தது. ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிய தோல் வெளிர்மஞ்சளாகும். 'ஈ.ஐ.' என்ற பெயரில் கப்பலேறிய கிழக்கிந்தியத் தோல் இதுதான். வெயில் பட்டால் சிவந்துவிடும் என்பது இதன் குறை. அதற்காகக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் நனைப்பார்கள். வெயிலுக்கே கடுக்காய் கொடுத்த பெருமை தோல்காரர்களையே சேரும். சுவருக்கு அந்த வசதி இல்லை.

நீலம் பின்னால் வந்தது. 1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் பெற்ற காப்புரிமையோடு கிளம்பியது குரோம் முறை. இன்று டிரம்மில் சுழன்று வெளிவரும் ஈரத்தோல் வெளிர்நீலம். டேனரியில் அதன் பெயரே 'வெட் புளூ'.

இனி மேற்கோள் இன்றி ஆய்வு நிற்காது. ஜெர்மன் கவிஞர் கதே 1810-இல் வெளியிட்ட நிறவியல் நூலில், நீல அறை பெரிதாகத் தெரியும், ஆனால் வெறிச்சோடிக் குளிரும் என்று குறைப்படுகிறார். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் மாவட்டத்தில் இருந்திருந்தால் அதையே பாராட்டாக எழுதியிருப்பார். ஆயினும், பகலெல்லாம் வெட் புளூவைப் புரட்டிவிட்டு வந்த குடும்பத் தலைவர், வீட்டிலும் அதே நீலமா என்று கேட்டால் கதேயிடம் பதில் இல்லை. மஞ்சள் அடித்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் வந்தவர்களெல்லாம் காமாலைக்காரர்களாகத் தெரிவார்கள் என்று அடுப்படியிலிருந்து எழும் ஆட்சேபத்துக்கும் இல்லை.

நீலக் கட்சியின் வலுவான சான்று சுண்ணாம்பு. தோலில் மயிர் கழற்ற ஊறவைக்கும் அதே சுண்ணாம்பைத்தான் முன்பு சுவருக்கும் அடித்தோம். அதில் துளி நீலம் கலந்துவிட்டு 'வெள்ளை' என்றோம். எனவே வெள்ளைச் சுவர் என்பதே நீலத்தின் மாறுவேடம். மஞ்சள் கட்சி விடவில்லை: சுண்ணாம்பின் பழுப்பு மஞ்சளை மறைக்கத்தானே நீலம் கலந்தீர்கள்? அப்படியானால் சுவரின் பிறவி நிறம் எது? என் தீர்ப்பில் இந்த அடி சரியாக விழுந்தது.

சமரசத்துக்கும் தோலிலேயே முன்னுதாரணம் உண்டு. பட்டையில் பதனிட்டதை மறுபடி குரோமில் போட்டால் 'செமி குரோம்'. அதன்படி மூன்று சுவர் மஞ்சள், ஒரு சுவர் நீலம். அந்த ஒன்று எது என்பதை இரண்டாம் பாகம் ஆராயும். அதுவரை பெயின்டருக்கு அட்வான்ஸ் தர வேண்டாம்.