மறுசோற்றுக் கோட்பாடு: பேட்டை நண்பர்களின் ஜப்பானியப் பகலுணவை முன்வைத்து

ஜப்பானியச் சாப்பாடு என்று பேச்செடுத்தாலே நம்மவர்கள் பச்சை மீனில் போய் நிற்பார்கள். அதைத் தாண்டினால் குச்சி. இரண்டும் மேலோட்டமான இடர்கள். பசி முற்றினால் பேட்டைக்காரர் குச்சியை ஓரமாக வைத்துவிட்டுக் கையை நீட்டிவிடுவார். மீனுக்குப் பதில் கோழி கேட்பார். இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் சிக்கல் ஆழமானது: வற்புறுத்தி மறுசோறு போட ஆளில்லாத இடத்தில் நண்பர்கள் கூடி உண்பதைச் சாப்பாடு என்று ஒப்புக்கொள்ளலாமா?

ஆய்வுக்கு உட்பட்டோர் ஐவர். திருநெல்வேலி டவுனுக்கு மேற்கே உள்ள பேட்டையில் சிலர் ம.தி.தா. இந்துக் கல்லூரியிலும் சிலர் அரசு ஐ.டி.ஐ.யிலும் படித்துவிட்டுச் சென்னைப் பக்கம் பிழைக்கப் போனவர்கள். களம் ஒரகடத்துக்கு அருகே ஒரு சின்ன ஜப்பானிய உணவகம். 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. வேறு ஜப்பானிய நிறுவனங்களும் அந்த வட்டாரத்துக்கு வந்தன. பொறியாளர்கள் வந்தால் அவர்களுடைய சோறும் பின்னாலேயே வரும்.

முதலில் அளவைமுறை. நெல்லைப் பந்தியில் சாப்பாட்டை அளப்பது வயிறு அல்ல, மறுப்பு. முதல் மறுப்பு வெறும் மரியாதைக்கு. பரிமாறுகிறவர் அதைக் காதில் வாங்குவதில்லை. இரண்டாவது மறுப்பில் கை இலைக்கு மேல் வரும். கைக்கும் இலைக்கும் நடுவே உள்ள சந்தில் ஒரு கரண்டி விழும். மூன்றாவதில் ஆளே இலைமேல் கவிழ்ந்தால்தான் வாளி நகரும். இந்த முறையின் உச்சம் மறுவீட்டுச் சொதிச் சாப்பாடு. தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் முருங்கைக்காயும் மிதக்கும் சொதிக்குப் பக்கத்தில் இஞ்சித் துவையல் வைப்பது தேங்காய்ப்பால் செரிக்க என்பார்கள். என் கருத்தில் அது தொடுகறியே அல்ல; அடுத்த கரண்டிக்கான முன்னனுமதி. ஜப்பானியரும் சூஷியோடு இஞ்சி ஊறுகாய் வைக்கிறார்கள். ஒரு மீன் துண்டின் ருசியை நாக்கிலிருந்து கழுவிவிட்டு அடுத்ததற்குப் போக அது. அங்கே இஞ்சி தின்றதை மறக்க. இங்கே இன்னும் தின்ன.

இனி நிகழ்வு. ஐந்து பலகைகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கிண்ணம் சோறு, மிசோ சூப், இரண்டு விரல் அளவுக்கு ஊறுகாய், முட்டைக்கோஸ் துருவலில் சாய்த்து வைத்த கோழிப் பொரியல். எல்லாம் ஒரே தடவையில் வந்துவிட்டது. பரிமாறிய தம்பி லேசாகத் தலை குனிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். ஐவரும் அவர் போன திசையைப் பார்த்தார்கள்.

"அவ்வளவுதானாடே?"

"கேட்டா சோறு தருவாங்களாம்ல."

"கேட்டு வாங்கித் திங்கதுக்கு இது என்னல ஹோட்டலா?"

அது ஹோட்டல்தான் என்பதைச் சுட்டிக்காட்டுவது ஆய்வாளரின் வேலையன்று. ஆனால் கேட்டவரின் தர்க்கம் பிசகில்லாதது. ஜப்பானில் பல தட்டுச்சாப்பாட்டுக் கடைகளில் சோற்றை மறுபடியும் இலவசமாகவே தருகிறார்கள். கேட்க வேண்டும், அவ்வளவே. பேட்டையிலோ கேட்டு வாங்கும் சோறு உள்ளே இறங்காது. வேண்டாம் என்று சொல்லி வாங்கினால்தான் இறங்கும்.

பரிமாற ஆளில்லாத வெற்றிடத்தை ஐவரும் தாமே நிரப்பத் தொடங்கினர். ஒருவர் தம் கோழித்துண்டைக் குச்சியால் தூக்கி, "வச்சுக்கோல" என்று நீட்டினார். மற்றவர், "வேண்டாம்ல, வயிறு நெறஞ்சிட்டு" என்று சொல்லிக்கொண்டே தம் குச்சியால் அதைக் கவ்வினார். அடுத்த மேசையில் தனியாக உட்கார்ந்திருந்த ஜப்பானியப் பெரியவர் சூப்பைப் பாதியில் நிறுத்திவிட்டார். காரணம் உண்டு. ஜப்பானில் தகனம் முடிந்ததும் உறவினர்கள் எலும்புகளைக் குச்சியால் எடுத்துத்தான் கலசத்தில் இடுவார்கள். ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு அவை கைமாறும். ஆகவே சாப்பாட்டு மேசையில் அப்படிக் கைமாற்றினால் அவர்களுக்கு மனம் பதறும். சோற்றில் குச்சியை நட்டுவைப்பதும் அப்படித்தான். அது இறந்தவருக்குப் படைக்கும் முறை. இதைக் கேட்டு நாம் சிரிப்பதற்கில்லை. கல்யாணப் பந்தியில் யாராவது இலையைத் தன் பக்கமாக மடிக்காமல் எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டுப் போகட்டும். கருமாதி வீட்டு மடிப்பு என்று எத்தனை பெரியம்மாக்கள் முகம் சுளிக்கிறார்கள் பாருங்கள்.

ஒப்பீட்டுக்கு இரண்டு ஊர்களைச் சேர்க்க வேண்டும். கியோட்டோவைப் பற்றி ஜப்பானியரே சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு: விருந்தாளியிடம் வீட்டார், "தேநீர் ஊற்றிக் கொஞ்சம் சோறு சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால், கிளம்புங்கள் என்று பொருளாம். பேட்டைக்காரர் அங்கே போனால் வேண்டாம் என்று இருமுறை சொல்லிவிட்டு மூன்றாம் முறை கேட்பார்களென்று இரவுவரை உட்கார்ந்திருப்பார். மற்றது தோக்கியோவின் கின்சா. திருவனந்தபுரத்துக்காரரான ஏ. எம். நாயர் 1949இல் அங்கே தொடங்கிய உணவகம் இன்றும் நடக்கிறது. அதன் பேர்பெற்ற மதியச் சாப்பாட்டில் பரிமாறுகிறவரே கோழியின் எலும்பை நீக்கித் தந்து, எல்லாவற்றையும் நன்றாகக் கலந்து சாப்பிடச் சொல்வார். சோற்றையும் குழம்பையும் தனித்தனியே பார்த்துப் பழகிய ஜனங்களைப் பிசைய வைத்தது சின்ன வேலை இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கத்து மனிதர் என்பதால் தாமிரபரணிக்காரர்கள் இந்தப் பெருமையில் பாதியை உரிமை கோரலாம் என்பது என் துணிபு.

இவ்வளவும் சொன்ன பிறகு கோட்பாட்டுக்கே சவாலாக ஒரு சான்று வருகிறது: இவாத்தே மாநிலத்தின் வாங்கோ சோபா. மோரியோகா, ஹனமாக்கி ஊர்களில் ஒரு வாய் அளவு சோபா நூடுல்ஸைச் சிறு கிண்ணத்தில் போடுவார்கள். தின்று முடித்த நொடியில் பக்கத்தில் நிற்கும் பெண் அடுத்ததைக் கொட்டிவிடுவார். ஏறத்தாழ பதினைந்து கிண்ணம் சேர்ந்தால் ஒரு சாதாரண சோபா. நூறைத் தாண்டினால் மரப்பலகையில் சான்றிதழ் தரும் கடையும் உண்டு. நிறுத்த ஒரே வழி, அவர் கை முந்துவதற்குள் கிண்ணத்தைக் காலிசெய்து மூடிபோடுவது. வாயால் மறுப்பது அங்கே செல்லாது. அதாவது, பேட்டைப் பந்தியேதான்.

ஐவரையும் மோரியோகாவுக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும் என்ற முன்மொழிவை நான் வைத்தபோது ஐ.டி.ஐ. ஃபிட்டர் நண்பர் ஒரு தொழில்நுட்ப ஆட்சேபம் எழுப்பினார். போடுகிற பிள்ளை நின்று கொண்டிருக்கும்போது மூடியைச் சாத்துவது அவமரியாதை. அந்தப் பிள்ளை போன பிறகுதான் மூடுவேன் என்றார். அந்தப் பிள்ளையோ மூடி விழாமல் போகாது. இருவரில் யார் முதலில் நகர்வார் என்பதற்கு இந்த ஆய்வின் சட்டகத்துக்குள் விடையில்லை. நிதி கிடைத்தால் ஃபிட்டரையே முதலில் அனுப்புவதாக உத்தேசம்.