பேரம் பேசுவது நீங்கள், விலை வைப்பது அரசு

வட அயர்லாந்தின் நியூரியில் பழைய கார் ஒன்றை வாங்கி, அயர்லாந்துக் குடியரசின் டண்டாக்குக்கு ஓட்டி வாருங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது. வழியில் சாவடி இல்லை, காவலர் இல்லை. வேகப் பலகை மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறும், அவ்வளவுதான் எல்லை. அரசியல்வாதிகள் மேடைதோறும் மெச்சிக்கொள்ளும் திறந்த எல்லை. அந்தக் காரை உங்கள் பெயரில் பதியப் போங்கள். வாசல் எங்கே மூடியிருக்கிறது என்று அப்போது தெரியும்.

1993 ஜனவரி 1 அன்று ஐரோப்பா ஒற்றைச் சந்தை ஆனது. டப்ளினில் இருக்கும் அயர்லாந்து அரசும் சேர்ந்து கைதட்டியது. அதே நாளில், காருக்கான பழைய கலால் வரியை எடுத்துவிட்டு ‘வாகனப் பதிவு வரி’யைக் கொண்டுவந்தது. ஆள் அதேதான்; சட்டைதான் புதிது.

வரி எதன் மீது? நீங்கள் கொடுத்த விலையின் மீது என்று நம்பினால் உங்களுக்கு இன்னும் உலகம் புரியவில்லை. அந்தக் கார் அயர்லாந்தில் என்ன விலைக்குப் போகும் என்று வருவாய்த் துறை ஒரு மதிப்புப் போடும். அதுதான் விலை. மணிக்கணக்கில் பேசிக் குறைத்து வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பேரனுக்குக் காட்டலாம். துறை போட்ட மதிப்புக்குள் எல்லா வரிகளும் அடக்கம். ஆக, வரிக்கும் வரி. கார் கக்கும் கரியமில வாயுவைப் பொறுத்து 7 முதல் 41 சதவீதம்.

அந்தக் கணக்கை 2008இல் கொண்டுவந்தார்கள். கரியமில வாயுவைக் குறைவாகக் கக்கும் டீசல் காருக்கு வரி குறைந்தது. ஜனம் டீசலுக்கு ஓடியது. 2020இல், டீசல் கார் கக்கும் நைட்ரஜன் ஆக்சைடு அரசுக்கு நினைவுக்கு வந்தது. தனித் தீர்வை போட்டார்கள். டீசல் காருக்கு 4,850 யூரோ வரை. ஆசை காட்டியது அரசு. தண்டம் கட்டுவது, இன்று பழைய டீசல் கார் வாங்கி வருகிறவன்.

கார் வந்த 7 நாளுக்குள் பதிவு மையத்தில் நேரம் வாங்க வேண்டும். 30 நாளுக்குள் பதிந்தாக வேண்டும். தவறினால் நாளுக்கு நாள் வரி ஏறும். மையத்துக்கு ஓட்டிப் போக இன்சூரன்ஸ் வேண்டும். இன்சூரன்ஸ்காரருக்கு அயர்லாந்துப் பதிவு எண் வேண்டும். எண்ணோ, மையத்துக்குப் போனால்தான் கிடைக்கும். மனம் இரங்கும் நிறுவனம் சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு சில வாரத்துக்கு இன்சூரன்ஸ் தரும். அதற்குள் புது எண் வராவிட்டால் இரக்கம் காலாவதி.

மதிப்பு அநியாயம் என்கிறீர்களா? தாராளமாக முறையிடலாம். முதலில் முழு வரியையும் கட்ட வேண்டும். கட்டினால்தான் எண். கட்டினால்தான் வாதம். அந்த முறையீட்டை முதலில் விசாரிப்பது யார்? விலை வைத்த அதே வருவாய்த் துறை. ரசீதோடு வரும் குடிமகனின் சொல்லை நம்பாத அரசு, தான் சொன்னது சரியா என்று தன்னிடமே கேட்டுக்கொள்கிறது. அதற்கான பதிலை முன்கூட்டியே வசூலித்தும் விட்டது.