அப்பா எழுதிய பரீட்சை

நாமக்கல் பக்கத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்த அப்பா, 1953இல் குடிநுழைவுச் சட்டம் இறுகுவதற்குச் சற்று முன்பு கப்பலேறி, நெகிரி செம்பிலானில் போர்ட்டிக்சன் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். பெட்டியில் சென்னை மாகாண ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் இருந்தது. தோட்டத்தில் அதை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்பது 1923 தொழிலாளர் சட்டம். ஆகவே பள்ளிக்கூடமும் துரையுடையது, வாத்தியாரான அப்பாவும் துரையுடைய ஆள். ஒரே கொட்டகையில் எல்லா வகுப்பும். பள்ளி விட்டதும் அப்பா பால் ஸ்டோருக்கு ஓடுவார். வாளி வாளியாக வரும் பாலுக்குக் கிராணி பக்கத்தில் நின்று கணக்கெழுதுவார். அவரைப் போலப் படித்துவிட்டு வந்து கணக்கெழுதியவர்கள் எத்தனையோ பேர். நம் தோட்ட வரலாறுகளில் அவர்களுக்கு ஒரு பத்திகூட இல்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

1957 கல்விச் சட்டம் வந்தது. தோட்டப் பள்ளிகள் அரசு உதவிக்குள் வந்தன. ஆசிரியருக்குத் தகுதி கேட்டார்கள். ஊர்ச் சான்றிதழ் செல்லாது, இங்கே மறுபடி பயிற்சி பெற வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னார்கள். வார இறுதியில் சைக்கிளில் பெரிய சாலைக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸில் சிரம்பான் வகுப்புக்குப் போனார். மலாய் வேறு படிக்க வேண்டும். பழைய செக்ரோல் தாள்களின் பின்பக்கத்தில் மலாய்ச் சொற்களை எழுதி அடுப்புக்கு மேலே பலகைச் சுவரில் ஒட்டியிருந்தார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் அரிசி களைந்துகொண்டே, "நேத்து படிச்சத சொல்லுங்க" என்பாள். அவர் ஒரு சொல்லை விட்டுவிட்டால் திரும்பிப் பார்க்காமலே எடுத்துக் கொடுப்பாள். அவர் தேறினார், தலைமையாசிரியராகவே ஓய்வு பெற்றார்.

இன்று, படித்ததற்கே மறுபடி பரீட்சை எழுதும் அதே வேலையைத் தம்பி மகள் இங்கிலாந்தில் செய்கிறாள். இங்கே மலேசியாவில் மருத்துவம் படித்தவள். 2016 டிசம்பரிலிருந்து புதிய டாக்டர்களுக்கு ஒப்பந்த நியமனம்தான். அதை எதிர்த்து 2021 ஜூலை 26இல் கறுப்புச் சட்டையோடு வேலையை நிறுத்தி நின்றவர்களில் அவளும் ஒருத்தி. பிறகு வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கு இங்கிலாந்து வைக்கும் ‘பிளாப்’ தேர்வை எழுதினாள்: மூன்று மணி நேரம், 180 கேள்விகள். அது முடிந்து மான்செஸ்டரில் செய்முறைத் தேர்வு. "திரும்பவும் முதல் படியிலிருந்து ஏறுறேன் பெரியப்பா" என்றாள். ஏறுவதற்குப் படி இருக்கிறதே, அது போதும் என்றேன்.

அந்தப் படிகூட இல்லாதவர்களும் உண்டு. எங்கள் தோட்டத்தில் இப்போது ரப்பர் இல்லை, செம்பனை. லயத்தில் வங்காளதேசத்துக்காரர்கள். குலை வெட்டும் ஒருவர் ஊரில் கணக்கு ஆசிரியராம். கையில் காப்புக் காய்த்திருக்கிறது. அவருடைய பெர்மிட் முதலாளியோடும் தோட்டத் துறையோடும் கட்டப்பட்டது. விரும்பினாலும் வேறு வேலைக்குப் போக முடியாது, குடும்பத்தை அழைத்துவரவும் முடியாது. அப்பாவுக்குக் கஷ்டமான பரீட்சை ஒன்று இருந்தது. இவர் உட்கார்ந்து எழுத எந்தப் பரீட்சையுமே இல்லை.

படித்துவிட்டு வருகிறவர் தகுதித் தேர்வு எழுதவும், தேறினால் துறை மாறவும் சட்டம் இடம் தர வேண்டும். தோட்டத்தில் பிறந்து வாத்தியார்களால் ஆளான நாம்தான் இதை முதலில் கேட்க வேண்டும். தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.