நிறுத்தி நிதானமாக ஒருவர்

விழா மேடைகளில் இப்போதெல்லாம் ஒரு புது ரகம் தென்படுகிறது. நான் அவருக்கு வைத்திருக்கும் பெயர் இடைவெளியார்.

ஆதியில் இவர் இப்படி இல்லை. வேலையில் இருந்த காலத்தில் சங்க ஆண்டு விழாவில் நன்றியுரை எப்போதும் இவர் தலையில்தான். பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டிருக்கும், நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருப்பார்கள். பந்தல்காரர் முதல் சோடா வாங்கி வந்த பையன் வரை ஒரே மூச்சில் நன்றி சொல்லி இறங்கிவிடுவார்.

ஓய்வு பெற்றதும் மகள் இவரை டோஸ்ட்மாஸ்டர்ஸில் சேர்த்துவிட்டாள். 1924-இல் கலிஃபோர்னியாவில் பிறந்த பேச்சுப் பயிற்சி மன்றம். ஏழு நிமிடப் பேச்சென்றால் ஐந்தில் பச்சை விளக்கு, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. 'ஆ', 'ம்' என்று இழுப்பதை எண்ணவே ஓர் ஆள். நல்ல ஏற்பாடுதான். மெதுவாகப் பேசுங்கள், நடுவில் நிறுத்துங்கள், எதிரே இருப்பவர் முகத்தைப் பாருங்கள் என்றார்கள். முதல் இரண்டையும் இவர் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். மூன்றாவது வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

"குளியலறையில்..." என்பார். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவருவார். "...சோப்பு தீர்ந்துவிட்டது." போனில் பேசினால் மறுமுனையில் "சிக்னல் இல்லை சார்" என்று வைத்துவிடுகிறார்கள்.

இவர் முழுத் திறமையையும் பார்க்க வேண்டுமானால் சீர்திருத்தத் திருமணத்துக்கு வர வேண்டும். அண்ணா ஆட்சியில் 1967-இல் நிறைவேறிய சட்டம் அந்தத் திருமணத்தைச் செல்லுபடியாக்கியது. வாழ்த்துரைக்கு மட்டும் நேரம் குறிக்காமல் விட்டுவிட்டது.

"மாப்பிள்ளைக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லையென்று சொன்னால்..."

நிறுத்தினார். பெண்ணின் அப்பா துண்டால் கழுத்தைத் துடைத்தார். ஒயர் கழன்றுவிட்டதோ என்று மைக்செட்காரர் பதறிப்போய் ஆம்ப்ளிஃபயரைத் திருகினார்.

"...மிகையாகாது!"

கூரை அதிர்ந்தது. பேச்சு முடிந்ததென்று பின்வரிசையில் கைதட்டினார்கள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு இன்னும் பெரிய இடைவெளி விட்டார். பந்தியில் இலை போட்டாயிற்று என்று சொல்ல வந்த மாமா, "முடிச்சிட்டாரா?" என்றார். "இல்ல மாமா, கமாவுல நிக்கிறாரு."

கிருபானந்த வாரியாரும் நிறுத்தியவர்தான். முன்வரிசைச் சிறுவர்களிடம் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு நிற்பார். அந்த நேரம் முழுக்கப் பையனுடையது; அவன் விடை சொன்னால்தான் கதை நகரும். நம்மவர் நிறுத்தும்போது மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகிறார். உதடு அசைவது தெரிகிறது.

கடைசியில் துண்டுச் சீட்டு வந்தது. அதைப் பார்த்ததுதான் தாமதம், பழைய நன்றியுரைக்காரர் விழித்துக்கொண்டார். மணமக்கள் ஒற்றுமை, மாமியார் பெருமை, பதினாறு பேறு, சமையல்காரர் கைமணம் எல்லாம் தடதடவென்று வந்தன. மூச்சு வாங்கியதில் மாப்பிள்ளையின் பெயருக்குப் பதில் சமையல்காரர் பெயரைச் சொல்லி வாழ்த்திவிட்டு, தானே முதலில் சிரித்தார். போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். மணப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

பந்தியில் என் பக்கத்து இலை இவருக்கு. முகம் வாடியிருந்தது.

"கடைசியில கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். சாம்பார் வந்தது, ரசம் வந்தது.

"...வேகமாயிடுச்சு, இல்ல சார்?"

நான் மோருக்குக் கை குவித்துக்கொண்டிருந்தேன்.