நீச்சல் குளத்தில் குடும்பம் நடத்துவது எப்படி?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டினால் மாமல்லபுரம் வரைக்கும் ரிசார்ட்டுகள்தான். கூப்பிடு தூரத்தில் வங்காள விரிகுடா இலவசமாகக் கிடக்கிறது. நீங்கள் காசு கட்டி நாலடித் தண்ணீரில் இறங்க வந்திருக்கிறீர்கள். கட்டிய காசு கடைசிச் சொட்டு வரை வசூலாக வேண்டாமா? அதற்கான வழிகளைக் கீழே சொல்கிறேன். பாதிக்கு மேல் உங்களுக்குக் கைவந்த கலைதான். மீதியையும் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

1. பிள்ளையின் வயதை வரவேற்பறையில் முடிவு செய்யுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை என்று போட்டிருந்தால் உங்கள் பையனுக்கு நாலரை. முன்பல் விழுந்து முளைத்திருந்தாலும் நாலரைதான். சறுக்குமரத்தில் உயரம் பார்க்கிற இடத்தில் அவனுக்கு எட்டு. பஃபே வாசலில் மறுபடி நாலரை. இதை அவனிடம் காரிலேயே சொல்லி மனப்பாடம் செய்ய வையுங்கள். "நான் தேர்ட் ஸ்டாண்டர்ட் அங்கிள்" என்று உண்மை பேசித் தொலைக்கிற பிள்ளைகளால் நொடித்துப்போன குடும்பங்கள் உண்டு.

2. துண்டு போடுங்கள். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு வளர்ந்த பரம்பரை நாம். விடிந்ததும் குளக்கரையில் இருக்கிற ஆறு சாய்வு நாற்காலிகளிலும் ரிசார்ட் கொடுத்த துண்டையே விரித்துவிட்டு இட்லி சாப்பிடப் போங்கள். பத்தரை வரை அவசரமில்லை.

3. குளிக்காமல் இறங்குங்கள். 'குளித்துவிட்டுக் குளத்தில் இறங்கவும்' என்று பலகை வைத்திருப்பார்கள். குளிக்கத்தானே வந்திருக்கிறோம், அதற்கு ஒரு முன்குளியலா? தலையில் வைத்த தேங்காய் எண்ணெய் தண்ணீரில் வானவில்லாக விரியட்டும். உடை விஷயத்திலும் விட்டுக்கொடுக்காதீர்கள். நைட்டி, சுடிதார், ஜீன்ஸ், மாமாவின் கைலி எல்லாம் இறங்கட்டும். பருத்தியின் நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும், சாயம் போகும், தண்ணீரைக் குடித்துக் கனத்து ஆளையே இழுக்கும் என்று காவல் தம்பி விளக்க வருவார். "இது காட்டன் இல்ல தம்பி, மிக்ஸிங்" என்று சொல்லிவிட்டு மூழ்கிவிடுங்கள். தண்ணீருக்கடியில் விவாதம் செய்ய முடியாது.

4. கழிப்பறைக்கு நடக்க விடாதீர்கள். பிள்ளை காலைப் பின்னிக்கொண்டு "அம்மா, ஒண்ணுக்கு" என்றதும் குனிந்து அவன் காதில், "சத்தம் போடாம அங்கேயே போ" என்று சொல்லுங்கள். பெரிய மனிதர்களின் ஆதரவு உங்களுக்கு இருக்கிறது. நீச்சல்காரர்கள் எல்லோரும் குளத்தில் போவதுண்டு, குளோரின் பார்த்துக்கொள்ளும் என்று மைக்கேல் ஃபெல்ப்ஸ் 2012-லேயே பேட்டி கொடுத்துவிட்டார். அவருடைய பதக்கங்கள் உங்கள் பையனுக்கு வாய்க்காமல் போகலாம், இந்தத் தகுதி இன்றைக்கே கைகூடும்.

கனடாவில் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2017-இல் இதற்கு ஒரு கணக்கே போட்டார்கள். குளிர்பானத்திலும் மிட்டாயிலும் சேர்க்கிற ஒரு செயற்கை இனிப்பு உடம்பில் செரிக்காமல் சிறுநீரோடு அப்படியே வெளியே வரும். அது தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்த்ததில், சுமார் 8,30,000 லிட்டர் பிடிக்கும் ஒரு குளத்தில் சிறுநீர் மட்டும் 75 லிட்டர் என்று வந்தது. வீட்டுக்கு வருகிற தண்ணீர் கேனில் கிட்டத்தட்ட நாலு. நம் குளத்தை அளக்க ஆள் வருவதற்குள் நீங்கள் அறையைக் காலி செய்திருப்பீர்கள்.

மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால் "எவ்வளவு சுத்தம் பாரு" என்று பிள்ளைக்குக் காட்டுங்கள். உண்மையில், சுத்தமான குளத்தில் அந்த வாடை அவ்வளவாக வராது. குளோரின், சிறுநீரோடும் வியர்வையோடும் கலந்து குளோரமைனாக மாறும்போதுதான் அப்படி நாறும். கண் சிவப்பதும் அதனால்தான். சிவந்த கண்ணோடு மேலாளரைக் கூப்பிட்டு, "குளோரினை அள்ளிக் கொட்டியிருக்கீங்களே" என்று ஒரு பிடி பிடியுங்கள். நாலு கேனில் உங்கள் பங்கு எவ்வளவு என்று அவர் கேட்கமாட்டார், படித்த பிள்ளை.

முந்தாநாள்தான் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு நின்றதா? முன்பணம் கட்டியாயிற்றே, இறக்கிவிடுங்கள். நின்ற பிறகும் இரண்டு வாரம் வரை குளம் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி. சரியாகக் குளோரின் போட்ட தண்ணீரிலும் அது ஒரு வாரத்துக்கு மேல் தாங்கும். அடுத்த சனிக்கிழமை வருகிற குடும்பம் உங்களை வயிற்றில் வைத்து நினைத்துக்கொள்ளும்.

5. நீங்கள் கண்டிக்காதீர்கள், அதற்குத்தான் ஊரில் அங்கிள்கள் இருக்கிறார்கள். பையன் ஈரத் தரையில் ஓடுகிறான், அந்நியக் குழந்தையின் மிதவையைப் பிடுங்குகிறான், மிதந்துகொண்டிருந்த ஒரு பெரியவரின் வயிற்றின் மேல் குதிக்கிறான். நாற்காலியை விட்டு எழாமல் சொல்லுங்கள்: "டேய், அந்த அங்கிள் திட்டுவாரு!" எந்த அங்கிள் என்று தேட வேண்டாம். கண்ணாடி போட்டுக்கொண்டு கரையில் டீ குடிக்கிற எவரும் ஆகலாம். இந்த வேலையை நானே பல விடுமுறைகளில் சம்பளமில்லாமல் பார்த்திருக்கிறேன். முகத்தை ஒரு நிமிடம் கடுகடுவென்று வைத்துக்கொண்டால் போதும், தாய்மார்கள் நன்றியோடு தலையசைப்பார்கள்.

ஆனால் அங்கிள் நிஜமாகவே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கதை வேறு. உடனே எழுந்து நில்லுங்கள். "எங்க பிள்ளைய நாங்களே ஒரு சொல் சொன்னதில்ல" என்று குளம் முழுக்கக் கேட்கும்படி சொல்லுங்கள். அது ஒன்றுதான் அன்று அங்கே பேசப்பட்ட முழு உண்மையாக இருக்கும்.

தீர்ப்பு வழங்கும் முறையும் தெரிந்திருக்கட்டும். உங்கள் பையன் அடித்தால் "சின்னப் பசங்க, அப்படித்தான்." உங்கள் பையன் அடி வாங்கினால் "வளர்ப்பு சரியில்ல."

6. 'தலைகீழாகக் குதிக்காதீர்' என்ற பலகை மாமாவுக்குப் பொருந்தாது. ஊர்க் கிணற்றில் மோட்டார் ரூம் மேலிருந்து குதித்தவர் அவர். அந்தக் கிணற்றின் ஆழத்தையும் இந்த நாலடியையும் ஒப்பிட்டு அவர் கழுத்தெலும்பு யோசிக்கட்டும். பிள்ளைகள் கைதட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள்.

7. காவல் தம்பியைச் சும்மா விடாதீர்கள். தண்ணீரை வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கா அவருக்குச் சம்பளம்? "தம்பி, இன்னொரு டவல்." "தம்பி, ஃபிங்கர் சிப்ஸ் என்னாச்சு?" கடைசியாக உங்கள் போனை அவர் கையில் கொடுத்து, குடும்பம் மொத்தமும் தெரிகிற மாதிரி ஒரு ரீல்ஸ் எடுக்கச் சொல்லுங்கள். சரியாக வரவில்லை என்று மூன்று தடவை எடுக்க வையுங்கள். விசில் அவர் கழுத்தில் தொங்கட்டும், பார்வை திரையில் இருக்கட்டும்.

8. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஆறு பெரியவர்கள் வந்திருக்கிறீர்கள், கவலை என்ன? அம்மா பார்ப்பாள் என்று அப்பா இருக்கட்டும். சித்தி பார்ப்பாள் என்று அம்மா. காவல் தம்பி பார்ப்பார் என்று சித்தி. அவர் உங்கள் ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறார். பையன் கையில் காற்றடைத்த பட்டை மாட்டியிருக்கிறீர்கள், அது விளையாட்டுச் சாமான்தான், உயிர் காக்கச் செய்ததில்லை. இருந்தாலும் ஏதாவது ஆனால் கத்துவான் என்ற தைரியம் இருக்கிறது.

கத்தமாட்டான். மூழ்குகிற பிள்ளையின் வாய் தண்ணீருக்கு மேலே வருகிற நேரம் மூச்சிழுக்கவே போதாது, பிறகு எங்கே கூப்பிடுவது? கையைத் தூக்கி ஆட்டவும் வராது, அது பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்பவருக்கே, பிள்ளை முங்கி விளையாடுவது போலத்தான் தெரியும். 2021-இல் உலகம் முழுவதும் நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் ஏறக்குறைய கால்வாசி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். வரவேற்பறையில் நீங்கள் எழுதிக் கொடுத்தது அந்த வயதைத்தான்.

ரீல்ஸ் நன்றாக வந்திருக்கிறதா என்று அப்புறம் பார்க்கலாம். தலையைத் தூக்கிக் குளத்தில் இருக்கிற தலைகளை எண்ணுங்கள். காரில் எத்தனை பிள்ளைகள் வந்தார்கள்?