கல்லாப்பெட்டியின் நடுநிலை

2018 பிப்ரவரியில் மெர்சிடிஸ் பென்ஸ் இன்ஸ்டாகிராமில் ஒரு கார் படம் போட்டது. கூடவே ஒரு பொன்மொழி: எதையும் எல்லாக் கோணங்களிலும் பார், மனம் திறக்கும். சொன்னவர் தலாய் லாமா. வந்தது வினை. கம்பெனி படத்தை நீக்கியது. சீன மொழியில் மன்னிப்புக் கேட்டது. அதுவும் போதவில்லை போலும். தாய் நிறுவனமான டைம்லர், ஜெர்மனியில் இருந்த சீனத் தூதருக்குக் கடிதம் எழுதி இன்னொரு முறை வருத்தம் தெரிவித்தது. இதில் ஒரு சின்ன விவரம் உண்டு. சீனாவில் இன்ஸ்டாகிராமுக்கே தடை. சீனர்கள் பார்க்கவே முடியாத இடத்தில் போட்ட படத்துக்காக, சீனர்கள் மனம் புண்பட்டதென்று இத்தனை தோப்புக்கரணம்.

கார் விற்பவனுக்கு அரசியல் எதற்கு, அவன் காரை விற்கட்டுமே என்பீர்கள். தாராளமாக விற்கட்டும். அரசியல் வேண்டாம் என்பவன் எந்த ஊரிலும் வேண்டாம் என்று இருந்துவிட்டால் அவனோடு நமக்குத் தகராறே இல்லை. இந்தப் பெரிய கம்பெனிகள் அப்படியா இருக்கின்றன? அமெரிக்காவில் மேடை போட்டு மனித உரிமை பேசுகின்றன. ஜூன் பிறந்தால் லோகோவுக்கு வானவில் பூசுகின்றன. பல கம்பெனிகளின் வளைகுடாக் கிளைகளில் மட்டும் அந்த மாதமும் பழைய லோகோதான். ஆளைப் பார்த்துச் சலாம் போட்டுவிட்டு, அதற்கு நடுநிலை என்று பெயர் வைக்கிறார்கள்.

2019 அக்டோபர். ஹாங்காங் தெருக்களில் சீனப் பிடிக்கு எதிரான போராட்டம், கண்ணீர்ப்புகை. பிளிஸார்ட் என்ற அமெரிக்க வீடியோ கேம் நிறுவனம் ‘ஹார்த்ஸ்டோன்’ என்ற சீட்டு விளையாட்டுக்கு ஆசிய பசிபிக் போட்டி நடத்திக்கொண்டிருந்தது. ஆட்டம் முடிந்து நேரலைப் பேட்டி. ஹாங்காங்கைச் சேர்ந்த பிளிட்ஸ்சுங் என்ற இளைஞர் புகைத்தடுப்பு முகமூடி மாட்டிக்கொண்டு வந்தார். ‘ஹாங்காங்கை மீட்போம், இது நம் காலத்தின் புரட்சி’ என்றார். பேட்டி எடுத்த தைவான் வர்ணனையாளர்கள் இருவரும் தலையைக் குனிந்து மேஜைக்குக் கீழே பதுங்கினார்கள். குண்டு எதுவும் வெடிக்கவில்லை. ஒரு வாக்கியம்தான்.

இரண்டே நாளில் தீர்ப்பு வந்தது. ஓராண்டுத் தடை. பரிசுப் பணம் கிடையாது. பதுங்கியவர்களுக்கும் வேலை போயிற்று. குனிந்தது போதவில்லை, காதையும் பொத்தியிருக்க வேண்டும் போலிருக்கிறது. என்ன விதி? பொதுமக்களில் ஒரு பகுதியைப் புண்படுத்துவதும் கம்பெனியின் பெயரைக் கெடுப்பதும் குற்றம். எது அப்படிப்பட்ட குற்றம் என்பதைக் கம்பெனியே முடிவு செய்யும். எந்த சர்வாதிகாரிக்கும் இவ்வளவு சிக்கனமாகச் சட்டம் எழுத வராது.

கலிஃபோர்னியாவில் இர்வைன் என்ற ஊரில் பிளிஸார்டின் தலைமையகம். முற்றத்தில் கோடரி ஏந்திய வீடியோ கேம் போர்வீரன் ஒருவனுக்குப் பிரம்மாண்டமான சிலை. அதைச் சுற்றிக் கம்பெனியின் கொள்கைகளைப் பொறித்துப் பதித்திருக்கிறார்கள். ‘ஒவ்வொரு குரலும் முக்கியம்’ என்று ஒன்று. ‘உலகளவில் சிந்தி’ என்று ஒன்று. தடை அறிவிப்பு வந்ததும் ஊழியர்கள் சிலர் அந்த இரண்டின் மேலும் காகிதத்தை ஒட்டி மூடிவிட்டார்கள். அன்றைக்கு அந்த வளாகத்தில் உண்மை பேசியது அந்தக் காகிதம்தான்.

சத்தம் பெரிதானதும் தடை ஆறு மாதமாகக் குறைந்தது. பரிசுப் பணம் திரும்பி வந்தது. சீனாவுடன் எங்களுக்குள்ள உறவுக்கும் இந்த முடிவுக்கும் சம்பந்தமே இல்லை என்று கம்பெனித் தலைவர் ஜே. ஆலன் பிராக் அறிக்கை விட்டார். அதே விளையாட்டின் சீனக் கணக்கிலோ, நாட்டின் மானத்தைக் காப்போம் என்று சீனச் சமூக ஊடகமான வெய்போவில் முழக்கம். எந்த நாட்டின் மானம் ஐயா? கம்பெனி இருப்பது கலிஃபோர்னியாவில். தாய் நிறுவனத்தில் சீனாவின் டென்சென்டுக்கு ஏறத்தாழ 5 சதவீதப் பங்கு இருந்ததும் தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம்.

கிட்டத்தட்ட அதே நாட்களில் கூடைப்பந்து. சுதந்திரத்துக்காகப் போராடுவோம், ஹாங்காங் பக்கம் நிற்போம் என்று ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியின் பொது மேலாளர் டேரில் மோரி ட்விட்டரில் போட்டார். போட்ட வேகத்தில் எடுத்தும்விட்டார். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. ஆங்கிலத்தில் வருந்தியது. சீன மொழியில் வெளியான அறிக்கையிலோ, பொருத்தமற்ற பேச்சால் மிகுந்த ஏமாற்றம் அடைந்ததாக இருந்தது. பிறகு ஆணையர் ஆடம் சில்வர் மோரியின் பேச்சுரிமையை ஆதரித்தார். அதை மறைக்க வேண்டியதில்லை. சீன அரசு டி.வி. ஆட்டங்களை நிறுத்தியது. இழப்பு 40 கோடி டாலர் வரை போகலாம் என்று சில்வரே பின்னால் சொன்னார். அந்தத் தொகை எல்லோருக்கும் பாடம் நடத்திவிட்டது. 2020 ஜூலையில், இனநீதிக்காக ஆடுகளத்திலேயே முழக்கம் எழுதிய அதே என்.பி.ஏ.வின் இணையக் கடையில், பனியனில் ‘ஹாங்காங்கை விடுவி’ என்று அச்சடித்துக் கேட்டால் கணினி மறுத்தது. விஷயம் வெளியே வந்த பிறகுதான் சரிசெய்தார்கள்.

கோடிகளை விடுங்கள். 14 டாலரைப் பேசுவோம். 2018இல் மேரியட் ஹோட்டல் நிறுவனம் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய ஒரு கேள்வித்தாள், திபெத்தையும் தைவானையும் தனி நாடுகளாகப் பட்டியல் போட்டிருந்தது. திபெத் ஆதரவாளர்கள் அதைப் பாராட்டி ட்விட்டரில் எழுதினார்கள். அமெரிக்காவில் ஒமாஹா நகரத்தில் கம்பெனியின் சமூக ஊடகக் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஊழியர் அந்தப் பதிவுக்கு ஒரு ‘லைக்’ போட்டார். மணிக்கு 14 டாலர் கூலி வாங்கியவர். வேலையை விட்டுத் தூக்கினார்கள். கேள்வித்தாளைத் தயாரித்தது அவரல்ல. ஆனால் இறையாண்மைப் பிரச்சினையைத் தீர்க்க உலகின் மிகப் பெரிய ஹோட்டல் கம்பெனிக்குக் கிடைத்தது அவருடைய கட்டைவிரல்தான். எங்கோ ஒரு தலைநகரத்துக்குக் கோபம் வந்தால், அடி விழுவது எப்போதும் படிக்கட்டின் கடைசியில் நிற்பவன் முதுகில்.

நடுநிலைதான் கொள்கையென்றால் 2022 மார்ச்சில் அது எங்கே போயிருந்தது? ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததும் பிளிஸார்டின் தாய் நிறுவனம் ரஷ்யாவில் புதிய விற்பனையை நிறுத்தியது. ஆப்பிளும் விற்பனையை நிறுத்தியது. ஹாங்காங் போராட்டக்காரர்கள் போலீஸ் எங்கே நிற்கிறது என்று பார்த்த வரைபடச் செயலியை 2019இல் தன் கடையிலிருந்து தூக்கிய அதே ஆப்பிள். ரஷ்ய விஷயத்தில் இவர்கள் செய்தது சரி. முதுகெலும்பு இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. சந்தை சின்னதாக இருந்தால்தான் அது நிமிரும் என்றும் தெரிந்தது.

சரி, வாயை மூடியதற்குக் கூலியாவது நிலைத்ததா? பிளிஸார்டின் சீனக் கூட்டாளி நெட்ஈஸ். உரிமப் பேச்சு முறிந்து, 2023 ஜனவரி 23 அன்று பெரும்பாலான பிளிஸார்ட் விளையாட்டுகள் சீனாவில் நின்றுபோயின. நெட்ஈஸ் வளாகத்தில் பிளிஸார்டின் பெயரால் நின்ற கோடரிச் சிலையை ஊழியர்கள் நேரலையில் உடைத்துப் போட்டார்கள். 2024இல் இரு தரப்பும் சமாதானமாகி மறுபடி ஒப்பந்தம் போட்டன. பிளிட்ஸ்சுங் விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டோம் என்று 2019 நவம்பரிலேயே ரசிகர் மாநாட்டு மேடையில் பிராக் மன்னிப்புக் கேட்டிருந்தார். ஆனால் அந்த ஆறு மாதத் தடையை அவர் ரத்து செய்யவில்லை.