முயலைக் கேட்டீர்களா?

கேள்வி: ஜல்லிக்கட்டுக்குச் சட்டமே வழிவிட்டது. எங்கள் ஊர் நாயோடு முயல் வேட்டைக்குப் போனால் மட்டும் வனத்துறை பிடிக்கிறதே, அதுவும் வீர விளையாட்டுதானே?
– வாசகர் ஒருவர், இராஜபாளையம்.

பதில்: வீரம் நாயுடையது, ஓட்டம் முயலுடையது, இதில் உங்கள் பங்கு என்ன?

2014-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடுத்தது. 2017-இல் மெரினா கடற்கரை போராட்டக்காரர்களால் நிரம்பிய பிறகு, மிருகவதைத் தடுப்புச் சட்டத்தைத் தமிழகம் திருத்தியது. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அதை ஏற்றார்கள். காளை வீட்டு மாடு என்பதால் அந்தச் சட்டத்தோடு வேலை முடிந்தது.

புதர்க்காட்டு முயலுக்கு 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். கொன்றால்தான் குற்றம் என்று நினைக்காதீர்கள். துரத்துவதும் வேட்டைதான், முயன்றாலே போதும். "சும்மா ஓடவிட்டேன் சார்" எடுபடாது. போதாக்குறைக்கு, உங்கள் ஊருக்கு அருகே ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பக்கம் 2021 முதல் புலிகள் காப்பகம்.

ஜல்லிக்கட்டு வாடிவாசலிலாவது மாடுபிடி வீரருக்கும் காளைக்கும் மருத்துவப் பரிசோதனையும் டோக்கனும் உண்டு. முயலுக்கு யார் டோக்கன் கொடுத்தது?

2005-இல் தபால்தலையில் இடம்பிடித்த இராஜபாளையம் இனத்து நாய் உங்களுடையது. கண்காட்சிக்குக் கூட்டிப்போங்கள், கோப்பை வரும். காட்டுக்குக் கூட்டிப்போனால் வழக்கு வரும். அது நாய் பேரில் வராது.